மூன்றாம் பக்கம்

(அத்தியாயம் ஒன்பது)

"மனு திரும்பி வந்திருச்சுங்க. ரேஞ்சரே நேர்ல மலையேறி வாராருங்க" என்று காட்டிலாகா கார்டு காத்தான் மூச்சிரைக்க வந்து சொன்ன இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு ஊரில் பாதிப் பேர் சாப்பிடவில்லை. மீதிப் பேர் சாப்பிட்டார்கள், ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த வாரம்தான் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்று சொல்லும் பகுதியில் ஒரு சிற்றூர். ஊருக்கு மேலே இருக்கும் சரிவில்தான் இவர்கள் காலங்காலமாகக் கையால் மண்ணைக் கொத்தி, கொத்துக்காடு போட்டுச் சாமை விதைக்கிறார்கள். அந்தச் சரிவைச் சர்க்கார் ரிசர்வ் காட்டோடு சேர்க்கப் போகிறது.

ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் தன் பெருவிரலையும் ஊரார் நாற்பத்தொரு பேருடைய பெருவிரலையும் மையில் தோய்த்து ஒரு மனு அனுப்பினார். மனுவை இங்கிலீஷில் எழுதியவன் அவருடைய மகன் சென்றாயன். திருச்சியில் பி.ஏ. வகுப்பில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அங்கேயே கோர்ட்டு வாசலில் ஒருவரைப் பிடித்து டைப் அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டான்.

அவன் எழுதியது ஊருக்கெல்லாம் தெரியும். ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியக்கூடாது. ஏனென்றால் அவன் படிப்பது சர்க்கார் தரும் ஸ்காலர்ஷிப்பில். உப்புக் காய்ச்சிய கலாட்டாவுக்குப் பிறகு சர்க்காருக்கு எல்லார் மேலும் சந்தேகம். சர்க்காருக்கு எதிரான எந்தக் காரியத்திலும், எந்த மனுவிலும் கலந்துகொள்ளமாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் காலேஜுக்கு அனுப்பினார்கள். மனு எழுதினான் என்று தெரிந்தால் படிப்பு அன்றோடு சரி.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

மூட்டம் விலகிக்கொண்டிருந்த காலை நேரம். அக்காளும் தம்பியும் களத்தில் சாமைக் கதிரை உதறிக்கொண்டிருந்தார்கள். அக்காள் பாவாயி தேவனூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அறுப்புக்கு உதவ வந்ததாகப் பேர்; தம்பி தசரா லீவுக்கு வருகிறான் என்பதுதான் நிஜமான காரணம். தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பதினொன்று. அன்றைக்கு இடுப்பில் தூக்கி வைத்தவள் மனசளவில் இன்னும் இறக்கிவிடவில்லை.

அவன் வந்து ஐந்து நாளாகியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவில்லை. ஆறாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏஞ் சாமி, காலேசுல உங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுக்கறாங்க?"

"பாட்டுச் சொல்லிக் குடுக்கறாங்கக்கா."

"பாட்டா? பாட்டுப் படிக்கறதுக்கா அத்தாந்தொலைவு போனே?" என்று சிரித்தாள். "செரி, அதுல ஒண்ணு சொல்லு. நானும் கேட்டுக்கறேன்."

அவன் கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தான்.

"வெள்ளைக்காரங்க ஊர்ல ஆறு மாசத்துக்குப் பனி கொட்டிக் கெடக்குமாம். அப்பறம் பனி கரைஞ்சு ஆப்பிள் மரம் பூக்குமாம். அந்தப் பூவைப் பாத்து ஒருத்தன் அழுவறான். அதுதான் பாட்டு."

"மரம் பூத்தா எதுக்கு அழுவோணும்? காய்க்கப் போவுதுன்னு சந்தோசம்தானே படோணும்?"

"அதைத்தானக்கா வாத்தியாரும் கேட்டாரு. அவன் எதுக்கு அழுவறான்னு எல்லாரும் எழுதிக் கொண்டாங்கன்னாரு."

"நீ என்ன எழுதினே?"

அவன் எழுந்து வீட்டுக்குள் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கறுப்பு மசியைச் சிவப்பு மசி எப்படிக் குதறியிருக்கிறது என்று பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

"அம்பதுக்கு ஒம்பது மார்க்கு" என்றான். "கீழ என்ன எழுதியிருக்காருன்னா, உனக்கு இலக்கியம் புரியற மனசு இல்லை, வேற படிப்பு ஏதாச்சும் பாத்துக்கறது நல்லதுன்னு எழுதியிருக்காரு."

"அந்த வாத்தியாரை ஒரு நாளைக்கு எங்கூடக் களை கொத்த வரச் சொல்லு. மனசு இருக்குதா இல்லையான்னு நான் மார்க்குப் போடறேன்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இல்லைக்கா. அவரு சொல்றது செரிதான். எனக்கு வரலை. நாலு மாசம் முட்டிப் பாத்துட்டேன்."

அவன் முட்டியது பொய்யில்லை. ஒரு பக்கத்தில் இருபது வார்த்தைக்கு அகராதியைப் புரட்டுவான். இருபதாவது வார்த்தைக்கு அர்த்தம் கிடைக்கும்போது முதல் வார்த்தையின் அர்த்தம் மறந்திருக்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும் இடத்தில் இவனுக்கு ஏன் என்று விளங்காது. அவர்கள் உருகும் இடத்தில் இவனுக்குப் பசியெடுக்கும். ஆப்பிள் மரத்தை அவர்களும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பார்த்தது போலப் பேச அவர்களுக்கு வந்தது, இவனுக்கு வரவில்லை. அதனால் யாரோ விற்ற நோட்ஸைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதினான். சிவப்பு மசியெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில்தான்.

மூன்றாம் பக்கத்தைப் பற்றி அவன் அக்காளிடம் சொல்லவில்லை. நான் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பக்கம் காப்பியடித்து முடித்த பிறகு அவனுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது. கையில் பேனா இருந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். யாரும் கேட்காமலே, தன் ஊர்ச் சரிவைப் பற்றியும் அங்கே கிடக்கும் தன் தாயைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினான். அதற்கு அகராதி தேவைப்படவில்லை. நோட்டு திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை. மூலைக்கு மூலை ஒரே ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில், "கேட்கப்படாதது".

மனு எழுத உட்கார்ந்தபோது அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து நடுவில் வைத்துவிட்டான். 'என் தாய்' என்று இருந்ததை 'எங்கள் ஊர்த் தாய் ஒருத்தி' என்று மாற்றினான். வேறு ஒன்றும் மாற்றவில்லை.

"ரேஞ்சர் வந்தாச்சுங்கோ! எல்லாரும் கல்லுக்கிட்ட வரோணுமாம்!" என்று காத்தானுடைய குரல் கேட்டது. சென்றாயன் நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு நடந்தான்.

ஊர் நடுவே பெரியசாமி கல் இருக்கிறது. ஆள் இடுப்பளவு உயரம். அதன் எதிரே ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு ரேஞ்சரை உட்காரவைத்திருந்தார்கள். ஐம்பதை எட்டும் மனிதர். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து கொதிக்கவைத்த தண்ணீரை அடிவாரத்திலிருந்தே குப்பியில் சுமந்துவந்திருந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் இந்தக் கதையின் கஷ்டம்.

அவர் மனுவை எடுத்து மடியில் விரித்தார்.

"இதை நான் மூணு தடவை படிச்சேன்" என்று ஆரம்பித்தார். "இருபத்தஞ்சு வருஷமா மனு படிக்கிறேன். மூணு தடவை படிச்சது இது ஒண்ணுதான். நடுவில ஒரு இடம் வருது. உங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்றேன், கேளுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கிலீஷைப் பார்த்து மெதுவாகத் தமிழாக்கிச் சொன்னார்.

"மழை விட்ட காலையில் எங்கள் சரிவில் சாமைப் பயிர் ஒரு விரல் உயரம் நிற்கும். அதை மிதிக்காமல் நடப்பதற்கு எங்கள் குழந்தைகள் நடை பழகும்போதே பழகிவிடுகின்றன. எங்கள் ஊர்த் தாய் ஒருத்தி அந்தச் சரிவில் களை கொத்திக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. அவளை அங்கேயே புதைத்து ஒரு பலாக் கன்று நட்டோம். அது இப்போது காய்க்கிறது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அந்த மரம் போய்விட்டால், அவளுடைய பிள்ளைகள் பழம் பறிப்பதற்குப் பேர் திருட்டு."

பாவாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கருப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாய் யார் என்று அங்கே யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சென்றாயனுக்கு அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் போகப் போகிறது, படிப்பு போகப் போகிறது, ஆனால் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் எழுதியதை ஒரு மனிதர் மூன்று தடவை படித்திருக்கிறார். படிக்கும்போது அவருடைய குரல் இறங்கியது. நாலு மாதமாக அவன் காலேஜில் தேடித் தேடிக் கிடைக்காமல் போனது இந்தக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

"இதைப் படிச்சப்ப எனக்கே நெஞ்சை அடைச்சுது" என்றார் ரேஞ்சர். பிறகு மனுவை மடித்தார். "அதனாலதான் சொல்றேன். இதைக் கொல்லிமலைக்காரன் எவனும் எழுதலை. எழுதவும் முடியாது. கீழேயிருந்து எவனோ கதர்க்காரன் வந்து எழுதிக் கொடுத்திருக்கான், நீங்க விரலை வச்சிருக்கீங்க. யார் அவன்?"

அந்த ஊர் செய்த தப்பு அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் எவ்வளவுக்கெவ்வளவு ஒசத்தியோ அவ்வளவுக்கவ்வளவு சர்க்கார் காது கொடுக்கும் என்று நம்பினார்கள். நல்லா எழுது சாமி, இன்னும் நல்லா எழுது சாமி என்று பையனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவனும் நன்றாக எழுதித் தொலைத்துவிட்டான்.

"ரெண்டே வழிதான்" என்றார் ரேஞ்சர். "ஊர்க்காரன் எழுதினான்னு தெரிஞ்சா, இது உங்க மனு. நான் கலெக்டருக்கு அனுப்பியாகணும். விசாரணை முடியறவரைக்கும் எல்லைக் கல் நடக்கூடாது. வெளியாள் எழுதினதுன்னா இது மனுவே இல்லை. வியாழக்கிழமை கல் நட்டுடுவேன்."

"நாந்தானுங்க எழுதினேன்."

சென்றாயன் எழுந்து நின்றிருந்தான். அவனுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. போகிற படிப்பு எப்படியும் போகிற படிப்புத்தானே, சரிவாவது நிற்கட்டும் என்று நினைத்தான்.

ரேஞ்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அந்த ஸ்காலர்ஷிப் பையன் இல்லே? தெரிஞ்சுதான் பேசறியா? நீ எழுதினதுன்னா நாளைக்கே உன் காலேஜுக்கு நான் தெரிவிக்கணும்."

"தெரியுமுங்க."

"பொய்யிங்க எசமாங்க!"

கருப்பண்ணன் எழுந்துவிட்டார். அந்த மனிதர் ஊர்ப் பஞ்சாயத்தில் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"அப்பனுக்கு வில்லங்கம் வந்துபோடுமின்னு தலையைக் குடுக்கறானுங்க. சின்னப் பையனுங்க. அவனுக்கு ஏதுங்க இவ்வளவு இங்கிலீசு?"

"அப்பா" என்றான் சென்றாயன்.

"நீ உக்காரு."

அவருடைய கணக்கு வேறு. சரிவு போனால் கீழே இறங்கிக் கூலிக்குப் போகலாம், இலை தழை தின்றாவது கிடக்கலாம். ஆனால் இந்த மலையிலிருந்து ஒரே ஒரு பிள்ளை மேலே ஏறியிருக்கிறான், அவனைத் தன் கையால் கீழே இழுத்துப் போட மாட்டேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஊரை ஒரு பக்கமும் மகனை ஒரு பக்கமும் வைத்தால் எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் செய்தார். ஆனால் அவர் ஊர்க்கவுண்டர். ஊரார் அத்தனை பேரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

காத்தான் குனிந்து ரேஞ்சர் காதில் ஏதோ சொன்னான். ரேஞ்சர் தலையை ஆட்டினார்.

"சரி. இது உங்க சாமிக் கல்தானே? இதைத் தொட்டுச் சொல்லிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்கறதில்லையாமே. தொட்டுச் சொல்லு. என் மகன் எழுதலைன்னு சொல்லு. நம்பறேன்."

கல்லைத் தொடுவது என்றால் என்ன என்பதைக் காத்தான் பாதிதான் சொல்லியிருந்தான். அடிவாரத்துக்காரனுக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தக் கல்லைத் தொட்டுப் பொய் சொன்னால், யாருக்காகப் பொய் சொன்னோமோ அவரைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. எத்தனையோ பேரைக் கருப்பண்ணனே அந்தக் கல்லின் முன்னால் நிறுத்திக் கேட்டிருக்கிறார். கல் வரைக்கும் போய்விட்டு அழுதுகொண்டே திரும்பி உண்மையைச் சொன்னவர்களை அவருக்குத் தெரியும்.

அவர் கல்லை நோக்கி நடந்தார். ஊர் தலையைக் குனிந்துகொண்டது. வேட்டியில் வலது கையைத் துடைத்தார்.

"தொடாதீங்கப்பா!"

பாவாயிதான். அவள் எப்போது எழுந்து போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. வீடு அங்கிருந்து இருபது தப்படி தூரம். ஓடிப்போய்த் தகரப் பெட்டியைத் திறந்து ஓடி வந்திருந்தாள். கையில் நோட்டு.

"கல்லை எதுக்குங்க எசமாங்க தொடோணும்? இதைப் பாருங்க. இதுல வாத்தியாரே எழுதியிருக்காருங்க. எந் தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்காருங்க. செவப்பு மசியில எழுதியிருக்காருங்க, பாருங்க!"

சென்றாயன் ஓர் அடி எடுத்து வைத்தான். அதற்குள் நோட்டு ரேஞ்சர் கைக்குப் போய்விட்டது.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, ஆப்பிள் மரமா? இந்தப் பாட்டு எங்க காலத்துலேயும் இருந்துதே!" என்றார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. "இதே நோட்ஸ்! இதே வரி! முப்பது வருஷமா மாத்தலையா அவங்க?"

இரண்டாம் பக்கம் முடிந்த இடத்தில் புரபசர் எழுதியிருந்ததைக் கூட்டத்துக்கே உரக்கத் தமிழில் சொன்னார். ஐம்பதுக்கு ஒன்பது. இலக்கியம் புரியும் மனசு இல்லை. வேறு பாடம் எடுத்துக்கொள்வது நல்லது. காத்தான் சிரித்தான். ஊரார் யாரும் சிரிக்கவில்லை. கல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்த கருப்பண்ணன் மட்டும் தன் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இதை எழுதின கையால அதை எழுத முடியாது" என்றார் ரேஞ்சர், நிஜமான இரக்கத்தோடு. "நானும் பி.ஏ. படிச்சவன்தான். இங்கிலீஷ்ல ரெண்டு தடவை போச்சு. அதனாலதான் காட்டுக்கு வந்தேன். எனக்குத் தெரியும். அப்பாவைக் காப்பாத்த நினைச்சே, அது நல்ல குணம். உக்காரு."

அவருடைய விரல் இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. இன்னும் ஒரு தாள் திரும்பினால் போதும். 'அடுத்த பக்கத்தைப் பாருங்க' என்று சென்றாயன் சொன்னால் போதும். சரிவு நிற்கும், விசாரணை வரும், அவன் எழுதியது அவன் எழுதியதாகும்.

அவன் வாயைத் திறந்தான். கல்லருகே நின்றிருந்த அப்பன் தலையை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தார். அப்பனை ஊர் முன்னால் பொய்யன் என்று நிறுத்த மகனுக்கு நாக்கு எழவில்லை. பயத்தால்தான் சொல்லாமல் விட்டான் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பயமும் இருந்தது.

அவன் உட்கார்ந்துவிட்டான்.

ரேஞ்சர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து மனுவின் மேல் குறுக்கே எழுதினார்: வெளியார் தூண்டுதல், தள்ளுபடி. இரண்டு மாதத்துக்குள் அந்த வரிகளின் மேல் சிவப்பு விழுவது இது இரண்டாவது தடவை.

"வியாழக்கிழமை கல் நடறோம். எழுதிக் கொடுத்தவன் பேரை ஒரு வாரத்துல சொல்லிடு, கவுண்டரே. இல்லைன்னா கேஸ் உன் மேலதான்."

எழுந்தவர் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எசமாங்க, அந்த நோட்டு..." என்றான் சென்றாயன்.

"கூடாரத்துல படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லப்பா. பழைய ஞாபகம். நாளைக்குக் காத்தான்கிட்ட கொடுத்து அனுப்பறேன்."

முகாமுக்கு ஒரு கூடைச் சாமையும் இரண்டு கோழியும் வேண்டும் என்று காத்தான் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகும் அதைக் கேட்க அவனுக்குக் கூச்சமில்லை. பாவாயி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள். தம்பியின் படிப்பைக் காப்பாற்றிவிட்டோம், அப்பன் கையைக் கல்லில் படாமல் தடுத்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே நிம்மதி. அந்தக் கூடை அவளுக்குக் கனக்கவே இல்லை.

ஊர் ஒவ்வொருவராக எழுந்தது. யாரும் கருப்பண்ணனிடம் பேசவில்லை. கடைசியாக எழுந்த முத்தன்தான் பக்கத்தில் வந்து நின்றான். அந்தச் சரிவில் மிகப் பெரிய கொத்துக்காடு அவனுடையது.

"பையன் படிப்பு தப்பிச்சுதுங்க. எங்க காடு போச்சுங்க" என்றான். "நல்லா இருக்குதுங்க உங்க நாயம்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். திட்டியிருந்தால் கருப்பண்ணன் தாங்கியிருப்பார்.

அப்பனும் மகனும் களத்துக்குத் திரும்பினார்கள். உதறாத கதிர் பாதி கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு கருப்பண்ணன் கேட்டார்.

"அந்த வாத்தியாரு எழுதினது நெசமா கண்ணு?"

"நெசந்தானுங்க."

"ஒம்பதுன்னா, அது ரொம்பக் கொறைச்சலா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப, இந்தப் படிப்பு உனக்கு வராதா?"

சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவே பதில் என்று அப்பனுக்குப் புரிந்தது. ஊரையே கொடுத்து அவர் காலையில் வாங்கியது என்ன என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துண்டு முகத்திலேயே நின்றது.

அந்த நேரத்தில்தான் பாவாயி வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள்.

"திருப்பம் வரைக்கும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்" என்று கூடையை இறக்கினாள். "ஏஞ் சாமி, அந்தத் தொரை அப்படியொண்ணும் கெட்டவரு இல்லை. தடம் பூராவும் உன்ற நோட்டைத்தான் படிச்சுக்கிட்டுப் போனாரு. சிரிச்சுக்கிட்டே போனாரு."

சென்றாயன் தலை நிமிர்ந்தான்.

"எந்தப் பக்கம் படிச்சாருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? மூலைக்கு மூலை செவப்பா ஒரு கோடு போட்டிருந்துதே, அது வந்துச்சு. அதுக்கப்பறம் சிரிக்கலை."

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"தடத்து நடுவுல அப்படியே நின்னுபோட்டாரு கண்ணு. காத்தான் கூப்பிடறான், நகரவே இல்லை. மனுவை எடுத்துப் பாத்தாரு, நோட்டைப் பாத்தாரு. அப்பறம் திரும்பி நம்ம ஊரையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் வந்துட்டேன்."

கருப்பண்ணன் முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

"அந்தப் பக்கத்துல என்ன கண்ணு எழுதியிருந்தே?"

"அம்மாவைப் பத்திங்கப்பா" என்றான் சென்றாயன்.